பற்று, வரவு, முக்கோணம்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் என் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வார். ராமானுஜர் 1017-ல் அவதரித்த ஊர். அப்பாவுக்கு 1991 மே மாதம் ஞாபகம் வந்து பேச்சை நிறுத்திவிடுவார். அக்கா பையனைக் கேட்டால், "கார் ஃபேக்டரி, போன் ஃபேக்டரி, அப்புறம் டோல்கேட்" என்கிறான். எல்லாமே சரிதான்.

எனக்கு அந்த ஊர் என்றால் முக்கோணம்.

விளக்குகிறேன். பூந்தமல்லி தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 1998-ல் முதல் சான்ட்ரோ அங்கிருந்துதான் வெளியே வந்தது. அப்படியே ஸ்ரீபெரும்புதூர் போய் இடது பக்கம் ஒடித்தால் ஒரகடம். 2010-ல் ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து போட்ட கார் ஆலை, 2012-ல் டைம்லரின் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு புல்லட் என்று வரிசையாக வந்து இறங்கினார்கள். இவர்களுக்குப் பின்னால், போர்டில் பெயின்ட் உரிந்த நூற்றுக்கணக்கான ஷெட்கள். பெரியவர்கள் காரைக் கோக்கிறார்கள். கோப்பதற்கு வேண்டிய சாமானைச் செய்வது இந்த ஷெட்கள்தான்.

இந்த ரோட்டில் ஒரு சாமான் இரும்பில் பிறப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு தடவை பிறந்துவிடுகிறது. பிறப்பது பிரச்னையில்லை. அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பி இன்னொரு கம்ப்யூட்டருக்குக் குடித்தனம் போகும்போதுதான் தகராறு. சம்பளத் தகராறு, கான்ட்ராக்ட் லேபர் தகராறெல்லாம் பேப்பரில் வரும். "பைல் ஓப்பன் ஆகுது ஸார், ஆனா உள்ளே ஒண்ணுமே இல்லை" என்கிற தகராறு எந்தப் பேப்பரிலும் வருவதில்லை. டெலிவரி தேதி தள்ளிப்போவது என்னவோ இதனால்தான்.

நான் படித்தது பி.காம். கேட் என்றால் வாசல் கேட், மெஷ் என்றால் கொசுவலை என்கிற அளவில்தான் எனக்கு இதில் பரிச்சயம். ஆனால் விஷயத்தைக் கிட்டே போய்ப் பார்த்தபோது இன்ஜினீயர்களைவிடக் கணக்குப்பிள்ளைகளுக்குத்தான் இது சீக்கிரம் புரியும் என்று தோன்றியது.

*

கம்ப்யூட்டரில் ஒரு சாமானை எழுதிவைக்க இரண்டு ஜாதி இருக்கிறது.

ஒன்று ஸாலிட். கேட்டியா, ஸாலிட்வொர்க்ஸ் மாதிரி சாஃப்ட்வேர்களில் இன்ஜினீயர்கள் வரைவது. அதில் ஒரு பைப் என்றால், 'இந்த அச்சைச் சுற்றி இத்தனை ஆரம், இத்தனை நீளம்' என்று விதியாகவே இருக்கும். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் வட்டம் வட்டம்தான். அதுமட்டுமில்லை, முதலில் கட்டையை இழுத்தேன், பிறகு ஓட்டை போட்டேன், பிறகு விளிம்பை மழித்தேன் என்று செய்த வேலையெல்லாம் வரிசையாகப் பதிவாகியிருக்கும். மூன்றாவது பதிவில் 10 மி.மீ. என்பதை 12 ஆக்கினால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் தானே சரியாகிக்கொள்ளும்.

இன்னொன்று மெஷ். இதில் வட்டமும் கிடையாது, உருளையும் கிடையாது. எல்லாமே குட்டிக் குட்டி முக்கோணத் தகடு. (சில சமயம் நாற்கோணம்.) முக்கோணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, தூரத்திலிருந்து பார்த்தால் பைப் மாதிரி இருக்கும்படி செய்துவிடுவது. சினிமா கிராஃபிக்ஸ், வீடியோ கேம், முப்பரிமாண பிரின்டர் எல்லாம் இந்த ஜாதி. பிளெண்டர் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர். 2002-ல் கடன்காரர்களிடமிருந்து அதை மீட்க ஜனங்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ வசூலித்துக் கொடுத்தார்கள். அதுவும் இந்த ஜாதிதான்.

இப்போது பி.காம். பாஷைக்கு வருகிறேன். ஸாலிட் பைல் என்பது வவுச்சரோடு கூடிய நாளேடு. யாருக்கு, எப்போது, எதற்கு, எல்லாம் இருக்கும். அதை ஸ்டெப் என்ற பொது வடிவத்தில் மாற்றினால் (ஐ.எஸ்.ஓ. 10303, முதல் பதிப்பு 1994) வவுச்சர்கள் போய்விடும். பேரேட்டின் இறுதி இருப்பு மட்டும் நயா பைசா சுத்தமாக இருக்கும். எஸ்.டி.எல். என்கிற மெஷ் வடிவத்துக்குப் போனால் 'ரூபாய் லட்சத்தில்' என்று மேலே போட்டு ரவுண்ட் ஆஃப் பண்ணி அச்சடித்த பாலன்ஸ் ஷீட். நாளேட்டிலிருந்து பாலன்ஸ் ஷீட் போடலாம். பாலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு பெட்டிக் கடையில் மார்ச் 3-ம் தேதி வாங்கிய ஸ்டாம்பு செலவைக் கண்டுபிடிக்க முடியுமா? அதேதான். ஸாலிடிலிருந்து மெஷ் ஒருவழிப் பாதை. திரும்பி வரவும் சாஃப்ட்வேர் இருக்கிறது என்பார்கள். சும்மா பட்டனை அழுத்தி மாற்றினால் ஒவ்வொரு முக்கோணத்தையும் தனித்தனித் தகடாக எழுதி, மேலே 'ஸ்டெப்' என்று லேபிள் ஒட்டிக் கொடுக்கும். நல்ல சாஃப்ட்வேர் என்றால் 'இது உருளையாக இருந்திருக்கும்' என்று யூகம் செய்யும். யூகம்தான்.

ரவுண்ட் ஆஃபுக்குக் கணக்கு சுலபம். 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம். நிஜ வட்டத்துக்கும் முக்கோணத் தகட்டின் விளிம்புக்கும் 1 மி.மீ. வரை இடைவெளி இருக்கலாம் என்று விட்டால் 16 பக்கம் போதும். பார்த்தால் குழாயடி நட்டு மாதிரி இருக்கும். இடைவெளி 0.1 மி.மீ. என்றால் 50 பக்கம். 0.01 என்றால் 158. துல்லியம் பத்து மடங்கு கூடினால் பக்கங்கள் மூன்று மடங்குதான் கூடுகின்றன. பரவாயில்லையே என்று சந்தோஷப்பட வேண்டாம். இது பைப்புக்கு. பந்து மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த சாமான் என்றால் முக்கோணங்களும் பத்து மடங்கு. எஸ்.டி.எல். பைலில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட் இடம். பத்து லட்சம் முக்கோணம் போட்டால் 50 மெகாபைட். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கலாம்.

*

விதியாக எழுதிய அந்த வளைவுகள் பிறந்த கதை ஒன்று இருக்கிறது. ஒரகடத்தோடு தூரத்துச் சொந்தம்.

கார் பாடியின் நெளிவு சுளிவை எண்களால் எழுதுவது எப்படி என்று பிரான்ஸில் இரண்டு கார் கம்பெனிகளில் இரண்டு பேர் தனித்தனியாக மண்டையைக் குடைந்தார்கள். சிட்ரோயனில் போல் த காஸ்தெல்ஜோ. ரெனோவில் பியர் பெஸியே. நாலு புள்ளி வைத்து, முதல் புள்ளியில் கிளம்பி கடைசிப் புள்ளியில் முடிகிற கோடு. நடுப் புள்ளிகளை அது தொடாது. அவை காந்தம் மாதிரி தங்கள் பக்கம் இழுக்கும். சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாமல் வளைந்து போகிறதே, நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சமாசாரம் ஆச்சரியமாக இருக்காது.

த காஸ்தெல்ஜோ 1959-லேயே கணக்கைப் போட்டுவிட்டார். சிட்ரோயன், 'தொழில் ரகசியம்' என்று பூட்டி வைத்துக்கொண்டது. பெஸியே 1960-களில் தன் வழியில் வந்து சேர்ந்தார். ரெனோ அவரை எழுத அனுமதித்தது. இன்றைக்கு உலகம் பூராவும் அந்தக் கோட்டுக்குப் பேர் பெஸியே கோடு. முந்தியவர் பெயர் வெளியே தெரியப் பல வருஷம் ஆயிற்று. அந்த ரெனோதான் ஒரகடத்தில் கார் செய்கிறது.

திருக்கோஷ்டியூரில் குரு ரகசியமாகக் கொடுத்த மந்திரத்தை ராமானுஜர் ஊருக்கே சொன்னார் என்பார்கள். சிட்ரோயன் மேனேஜ்மென்ட் அவருடைய ஜாதியில்லை போலிருக்கிறது. ரகசியம் பேசுவதற்கு இன்னொருத்தர் வருகிறார். கொஞ்சம் பொறுங்கள்.

*

முக்கோணமாக்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, ஒழுகுகிறதா என்பது. 'வாட்டர்டைட்' என்றே சொல்கிறார்கள். கற்பனைக் குடத்தில் கற்பனைத் தண்ணீர் ஊற்றினால் நிற்க வேண்டும்.

ஏன் ஒழுகும்? ஸாலிட் மாடலில் இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தால் சாஃப்ட்வேர், 'இவ்வளவு வரைக்கும் சேர்ந்ததாக வைத்துக்கொள்கிறேன்' என்று பெருந்தன்மையாக விட்டுவிடும். ஒவ்வொரு சாஃப்ட்வேரின் பெருந்தன்மையும் ஒவ்வொரு அளவு. ஒன்று மன்னித்ததை இன்னொன்று மன்னிக்காது. முக்கோணமாக்கும்போது இந்தப் பரப்பின் ஓரத்தில் பத்துப் புள்ளி, அந்தப் பரப்பின் ஓரத்தில் பதினாலு புள்ளி என்று விழுந்தால் ஜிப் கோணலாகப் போட்ட மாதிரி இடையில் வாய் திறந்துகொள்ளும்.

கண்ணால் பார்த்தால் தெரியாது. கணக்கு போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் அது டபுள் என்ட்ரி கணக்கு. உவமைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான்.

ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் வெளியிலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் எழுத வேண்டும் என்று விதி. அ, ஆ, இ என்று ஒரு முக்கோணம். அது அ-விலிருந்து ஆ-வுக்கு நடக்கிறது. பக்கத்து முக்கோணமும் அதே விளிம்பைப் பங்கு போட்டுக்கொள்கிறது. ஆனால் அது சுற்றி வருகையில் ஆ-விலிருந்து அ-வுக்கு நடந்தாக வேண்டும். ஆக ஒவ்வொரு விளிம்பும் கணக்கில் சரியாக இரண்டு தடவை வர வேண்டும். ஒரு தடவை இந்தத் திசை, ஒரு தடவை எதிர்த் திசை. பற்று ஒன்று, வரவு ஒன்று.

ஏதாவது விளிம்பு ஒரு தடவைதான் வருகிறதா? அங்கே ஓட்டை. இரண்டு தடவையும் ஒரே திசையில் வருகிறதா? ஒரு முக்கோணம் உள்புறம் வெளியே தெரியத் திரும்பியிருக்கிறது, சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி. மூன்று தடவை வருகிறதா? யாரோ ஒரு தகட்டை வெட்டியாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதிலிருந்து ஒரு குறுக்கு வழியும் கிடைக்கிறது. முக்கோணத்துக்கு மூன்று விளிம்பு; விளிம்புக்கு இரண்டு முக்கோணம். ஆகவே மூடிய சாமானில் முக்கோணங்களின் எண்ணிக்கை இரட்டைப் படையாகத்தான் இருக்க முடியும். பெட்டி என்றால் 12. யாராவது அனுப்பிய பைலில் 48,731 என்று ஒற்றைப்படை எண் காட்டினால், திறந்துகூடப் பார்க்காமல் 'எங்கேயோ குளறுபடி' என்று திருப்பி அனுப்பலாம். ஜோசியர் மாதிரி மரியாதை கிடைக்கும்.

டிரையல் பாலன்ஸ் டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். இங்கேயும் அப்படியே. ஓட்டை இல்லாமல் மூடியிருந்தும், ஒரு சுவர் இன்னொரு சுவருக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கலாம். டேலி ஆகிவிடும். சாமான் உதவாது.

டபுள் என்ட்ரியை 1494-ல் முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கிய லூக்கா பச்சோலி என்ற இத்தாலியச் சாமியார் இருக்கிறாரே, அவர் 1509-ல் இன்னொரு புத்தகம் போட்டார். கணக்கு வழக்கைப் பற்றியில்லை. பட்டை போட்ட வடிவங்களைப் பற்றி. படம் போட்டுக் கொடுத்தவர் லியோனார்டோ டா வின்சி. ஒவ்வொரு வடிவத்தையும் இரண்டு விதமாக வரைந்திருக்கிறார்: ஒன்று கெட்டியாக, ஒன்று விளிம்புச் சட்டம் மட்டும் தெரிய உள்ளே காலியாக. இன்று எந்தக் கேட் சாஃப்ட்வேரைத் திறந்தாலும் அந்த இரண்டுக்கும் இரண்டு பட்டன் இருக்கிறது. காமர்ஸ் டிபார்ட்மென்டும் மெக்கானிக்கல் டிபார்ட்மென்டும் ஒரே தாத்தாவின் பேரன்கள் என்று நான் சொன்னால் இனிமேல் சிரிக்காதீர்கள்.

*

பைல் மாறும்போது கொஞ்சம் சிந்தினால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கேட்பவர்களுக்கு ஏர்பஸ் கதை.

ஏ380. இரண்டு அடுக்கு விமானம். உள்ளே சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் ஒரு பகுதி, பிரான்ஸில் துலூஸில் ஒரு பகுதி. இரண்டு பக்கமும் கேட்டியா சாஃப்ட்வேர்தான். ஆனால் ஹாம்பர்க்கில் நாலாவது பதிப்பு, துலூஸில் ஐந்தாவது. ஒரே பெயர் என்பதால் சம்பந்தி வீட்டில் எல்லாம் ஒத்துப்போகும் என்று நினைத்துவிட்டார்கள். ஒயரைக் கொண்டுவந்து மாட்டும்போது வளைவுகளில் நீளம் போதவில்லை. 2006 ஜூனில் தாமதத்தை அறிவித்தபோது தாய்க் கம்பெனியின் பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபரில், ஏறக்குறைய இரண்டு வருஷம் தாமதமாக. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. பெரிய காரணம் இதுதான்.

ஸாலிடிலிருந்து இன்னொரு ஸாலிடுக்குப் போவதிலேயே இந்தக் கதி.

*

மெஷ்ஷுக்கு சினிமாவைத் தவிர இன்னொரு உத்தியோகமும் இருக்கிறது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஒரகடத்தில் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்று மத்திய அரசு ஏற்பாட்டில் வந்த சோதனைக்கூடம் இருக்கிறது. காரைச் சுவரில் மோதவிட்டுப் பார்க்கிற வசதியும் அங்கே உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்று காருக்கு நட்சத்திர மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு கார் ஒரு தடவைதான் மோதும். அதற்கப்புறம் காயலான் கடை. அதனால் நிஜமாக மோதுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் பல தடவை மோதவிட்டுப் பார்ப்பார்கள்.

அதற்குக் காரை வலையாக்க வேண்டும். 1986-ல் ஜெர்மனியில் போக்ஸ்வாகன் போலோ காரைக் கம்ப்யூட்டரில் முதன்முதலாக முழுசாக மோதவிட்டபோது மொத்தம் ஐயாயிரத்துச் சொச்சம் துண்டுகள். இன்றைக்குப் பல லட்சங்கள். அந்தத் தகடுகளைச் சுத்தம் செய்து, துண்டு துண்டாக ஒட்டுகிற வேலையைச் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஏராளமான பையன்களும் பெண்களும் செய்கிறார்கள். பட்டம் வாங்கிய கையோடு வந்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கதவுக்கு ஒரு நாள் என்று உட்கார்ந்து இழைக்கிறார்கள். 'என்னடா வேலை?' என்று வீட்டில் கேட்டால், 'காருக்கு வலை பின்றேன்' என்று சொல்லி யாரை நம்ப வைப்பது?

இங்கே சினிமாக்காரனின் வலை செல்லாது. தகடு ஒன்றிரண்டு மி.மீ. கனம்தான், அதன் நடுவில் ஒரு பரப்பை எடுத்து, சுமார் 5 மி.மீ. அளவில் நாற்கோணங்களாக, முடிந்தவரை சதுரமாகப் போட வேண்டும். ஏன் 5? எஃகில் சத்தம் போகும் வேகம் செகண்டுக்குச் சுமார் 5,000 மீட்டர். மோதலின் அதிர்ச்சி ஒரு துண்டைத் தாண்டுவதற்குள் கம்ப்யூட்டர் அடுத்த கணக்கைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு வெடித்துவிடும். 5 மி.மீ.யைத் தாண்ட ஆகிற நேரம் ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மோதல் முடிய 0.1 செகண்ட் என்று வைத்தால் ஒரு லட்சம் தடவை கணக்கு.

இப்போது ஏதோ ஒரு மூலையில், மாற்றும்போது சாஃப்ட்வேர் அவசரத்தில் போட்ட அரை மி.மீ. ஊசி முக்கோணம் ஒன்று தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒன்று. கம்ப்யூட்டர் அந்த நோஞ்சான் வேகத்துக்குத்தான் மொத்தக் காரையும் நடத்தும். ஒரு லட்சம், பத்து லட்சமாகிவிடும். ராத்திரி போட்டுக் காலையில் பார்க்க வேண்டிய ரிசல்ட் அடுத்த வாரம் வரும். அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். நோஞ்சானுக்குச் செயற்கையாகக் கொஞ்சம் எடையைக் கூட்டிவிட்டால் அதில் அதிர்ச்சி மெதுவாகப் போகும், ஓட்டத்தோடு ஓடிவிடும். காமர்ஸில் இதற்கு விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர். அளவாகச் செய்தால் ஆடிட்டர் கண்டுகொள்ள மாட்டார். அளவு மீறினால் காரின் எடையே மாறி, மோதலே பொய்யாகிவிடும்.

பக்கத்துத் துண்டோடு முனை ஒட்டாமல் விட்டால் அதைவிட மோசம். திரையில் மோதும்போது கார் தையல் பிரிந்த வேட்டி மாதிரி அந்த இடத்தில் கிழியும். அது கண்ணுக்குத் தெரிகிறதால் பிழைத்தோம். ஸீட் பெல்ட் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், கிழிகிற அளவுக்கு இல்லாமல் கொஞ்சமாக விட்டுப்போயிருந்தால் அதைப் பிடிக்கிறவர் அனுபவஸ்தராக இருக்க வேண்டும். மாதக் கடைசியில், மூன்றாவது ஷிப்டில், டெட்லைனுக்கு முந்தின ராத்திரி யார் அனுபவஸ்தர்?

*

ரகசியக்காரர் வருகிறார்.

ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் ஒரு ஷெட். முதலாளிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூரில் இருபது வருஷம் லேத்தில் நின்றவர். இப்போது செக்கிங் ஃபிக்ஸ்சர் செய்கிறார். பிரஸ்ஸில் அடித்த தகடு சரியாக வந்திருக்கிறதா என்று உட்கார வைத்துப் பார்க்கிற மேடை அது. அவருக்கு நாலு பக்க பிராஷர் எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன். வல்லக்கோட்டை முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பில்டர் காப்பி கொடுத்தார்.

"பிராஷர் போதாதாம் தம்பி. வீடியோ கேக்கறாங்க. ஃபிக்ஸ்சர் எப்படி தொறக்குது, எப்படி மூடுதுன்னு."

"டிசைன் கம்ப்யூட்டர்லதானே இருக்கு அண்ணே, பைலை அனுப்பிட்டா அவங்களே பாத்துக்க மாட்டாங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு தடவை அனுப்பினேன். அப்ரூவலுக்கு ஸ்டெப் பைல் குடுங்கன்னு கேட்டாங்க. நம்பிக் குடுத்தேன். ஓட்டையைத் தொட்டா டயா சொல்லும் தம்பி. எங்கேருந்து எத்தனை தள்ளின்னு புள்ளி மூணு ஸ்தானத்துக்குச் சொல்லும். மூணு மாசம் ராத்திரி பகலா யோசிச்சுப் போட்ட கிளாம்ப். ஆர்டர் வேற ஒருத்தனுக்குப் போச்சு. அவன் ஷெட்டுக்கு ஒரு வேலையா போயிருந்தேன். என் ஃபிக்ஸ்சர் அங்கே பச்சை பெயின்ட்ல நிக்குது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்றேன்.

அதற்கப்புறம் யார் கேட்டாலும் எஸ்.டி.எல். மட்டும்தான் தருவாராம். பார்க்கலாம், சுற்றலாம், உத்தேசமாக அளக்கலாம். தொட்டால் முக்கோணம், முக்கோணம் என்றுதான் சொல்லும். காப்பியடிக்கவே முடியாது என்றில்லை. மெனக்கெட வேண்டும். "திருடனுக்குக் கொஞ்சமாவது வேலை வைக்கணுமில்ல?"

வீடியோ வேலையை அவருடைய மச்சினர் பையன் எடுத்துக்கொண்டான். வடபழனியில் கிராஃபிக்ஸ் கம்பெனியில் இருக்கிறான். பைலைப் பிளெண்டரில் போட்டதும் திரையில் ஒன்றுமே இல்லை. எஸ்.டி.எல். வடிவம் 1987-ல் முப்பரிமாண பிரின்டருக்காகப் பிறந்தது. அதில் எண் மட்டும் இருக்கும், மில்லிமீட்டரா மீட்டரா என்ற விவரமே இருக்காது. பிளெண்டர் எல்லாவற்றையும் மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். ஆக, 100 மி.மீ. பிராக்கெட் 100 மீட்டர் உயரத்துக்கு நின்றது. எல்.ஐ.சி. கட்டடமே 177 அடிதான். இது 328 அடி. பையன் அந்த இரும்புக்கு உள்ளே நின்றுகொண்டு இருட்டாக இருக்கிறதே என்று தேடியிருக்கிறான். ஆயிரத்தால் வகுத்ததும் ஃபிக்ஸ்சர் பூமிக்கு வந்தது.

வந்ததும் அடுத்த அழுகை. "மாமா, அசையவே மாட்டேங்குது." பார்த்தால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மரை சுற்றிச் சுற்றி வரைந்திருக்கிறது. இருக்கிற போல்ட் எல்லாவற்றிலும். மரை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் முக்கோணம். வீடியோவில் போல்ட் மரை யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? மாமா ஸாலிட் பைலுக்குப் போய் மரைகளை எடுத்து, உள்ளே மறைந்திருக்கும் ஸ்பிரிங், பேரிங் எல்லாவற்றையும் எடுத்தார். பெருக்குவதை எப்போதும் ஸாலிடிலேயே செய்துவிட வேண்டும், அங்கே ஓட்டையைத் தொட்டு 'போ' என்றால் போய்விடும். மெஷ்ஷில் போனால் முக்கோணம் முக்கோணமாகப் பொறுக்க வேண்டும். பிளெண்டருக்கு ஸ்டெப் நேரடியாகப் படிக்க வராது. அதனால் ஃப்ரீகேட் என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரில் திறந்து, 0.1 மி.மீ. இடைவெளி கொடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி மெஷ்ஷாக எடுத்தான். ஒரே கட்டியாக எடுத்தால் கிளாம்ப் தனியாகத் திறக்காதே.

அவனுக்கு முக்கோணமே பிடிக்கவில்லை. எல்லாம் நாற்கோணமாக இருந்தால்தான் அழகு, மாற்ற ஒரு வாரம் வேண்டும் என்றான். கதாநாயகி முகம் என்றால் சரி. சிரிக்கும்போது கன்னம் மடங்க வேண்டும், அதற்கு நாற்கோணம்தான் லாயக்கு. ஃபிக்ஸ்சர் சிரிக்கப் போவதில்லை. திறக்கும், மூடும். முக்கோணமே போதும் என்று மாமா ஒரே போடாகப் போட்டார்.

நாற்பது செகண்ட் வீடியோ. கிளாம்ப் திறக்கிறது, தகடு வந்து உட்காருகிறது, மூடுகிறது. பின்னணியில் வீணை (பையனின் டேஸ்ட்). அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது. 'வீடியோ பிரமாதம். அப்ரூவலுக்கு ஸ்டெப் பைல் உடனே அனுப்பவும்.'

இந்தத் தடவை அவர் உஷார். ஃபிக்ஸ்சரின் வெளிக்கூடும், தரையில் மாட்டுகிற போல்ட் ஓட்டைகளும் மட்டும் இருக்கிற மாதிரி ஒரு மொட்டை ஸாலிட் செய்து, அதை ஸ்டெப் ஆக்கி அனுப்பினார். இடம் போதுமா என்று பார்க்க அது போதும். கிளாம்பின் சூட்சுமம் அதில் கிடையாது. கேட்டவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்து நாளில் ஆர்டர் வந்தது. போனில் படித்துக் காட்டினார். கடைசி வரியில் பேமென்ட் 90 நாள் என்று போட்டிருந்தது. 2006-ம் வருஷத்துச் சிறு தொழில் சட்டப்படி அவருக்கு 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த காமர்ஸைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதுக்கு எந்த பைல் அனுப்பணும் தம்பி?"